பல்கலைக்கழக அரசியல் அறிவியல் துறையில் பொது விவாதம்: தலைப்பு, பேச்சாளர், கேள்வி நேரம் எப்படித் திட்டமிடுவது?

கேட்டவர்: எம்ஏ_இரண்டாமாண்டு

எங்களுடையது ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் அரசியல் அறிவியல் துறை. ஊர் மக்களையும் அழைத்து ஒரு பொது விவாதம் நடத்தும் பொறுப்பு துறைச் சங்கத்திடம் வந்திருக்கிறது. ஹாலில் 150 பேர் உட்காரலாம். மதியம் 3 மணிக்குத் தொடக்கம், 5 மணிக்கு முடித்தாக வேண்டும். 5.15-க்குப் பேருந்து கிளம்பினால் பாதிக் கூட்டம் எழுந்துவிடும்.

தலைப்பாக ‘ஆளுநர் பதவி தேவையா?’ என்று இப்போதைக்குப் பேச்சில் இருக்கிறது. பட்டிமன்றமாகவும் ஆகக்கூடாது, கட்சிக் கூட்டமாகவும் ஆகக்கூடாது என்பது ஹெச்ஓடி (துறைத் தலைவர்) போட்ட நிபந்தனை. தலைப்பு சரியா, யாரைப் பேச அழைப்பது, நேரத்தை எப்படிப் பிரிப்பது, பொதுமக்கள் கேள்வியை எப்படிச் சமாளிப்பது? நடத்தித் தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

மேசைமணி:

தம்பி, முதலில் நேரக் கணக்கைப் போடுங்கள். மற்றதெல்லாம் அதற்குள்தான் அடங்க வேண்டும்.

உங்களிடம் இருப்பது 120 நிமிடம். 3 மணி என்று அழைப்பிதழில் போட்டால் 3.10-க்குத்தான் தொடங்க முடியும். ஆக, 110. இதில் பேச்சாளர் நான்கு பேர், பக்கத்துக்கு இருவர், ஆளுக்கு 8 நிமிடம் என்றால் 32. ஒவ்வொருவரையும் எதிர்த்தரப்பு குறுக்குக்கேள்வி கேட்க 4 நிமிடம் என்றால் 16. பொதுமக்கள் கேள்விக்கு 36. முடிவுரை பக்கத்துக்கு 3 நிமிடம், மொத்தம் 6. தொடக்கத்திலும் முடிவிலும் வாக்கெடுப்பு வைப்பதானால் 5-ம் 5-ம். நெறியாளர் அறிமுகத்துக்கு 3. கூட்டினால் 103. மிச்சமுள்ள 7 நிமிடம் வழிந்தோடுவதற்கு. ஆறு பேச்சாளர் வேண்டும் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கூடுதல் இருவருக்கு 24 நிமிடம் போய்விடும், அது பொதுமக்கள் கேள்வி நேரத்திலிருந்துதான் வெட்டப்படும்.

நம் ஊரில் விவாதத்தைக் கெடுப்பது பேச்சாளர்கள் அல்ல, சடங்குகள். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, அறிமுகவுரை, பொன்னாடை, நினைவுப் பரிசு என்று போனால் நாற்பது நிமிடம் காலி. தமிழ்த்தாய் வாழ்த்துக்கு 55 நொடிதான், அதை யாரும் குறை சொல்ல முடியாது. மற்றதை ஒரே ஆளிடம், ஒரே 3 நிமிடத்தில் முடித்துவிடுங்கள். பொன்னாடை போர்த்தியே ஆக வேண்டும் என்றால் நிகழ்ச்சிக்கு முன்பு ஹெச்ஓடி அறையில் தேநீரோடு போர்த்திவிடலாம். டீன் வருகிறார், ரெஜிஸ்ட்ரார் வருகிறார் என்றால் மேடையில் நாற்காலி போடாமல் முதல் வரிசையில் உட்கார வையுங்கள். மேடையில் உட்கார்ந்தால் ‘இரண்டு வார்த்தை’ பேசாமல் இறங்க மாட்டார்கள்.

விளிப்பு இன்னொரு தொல்லை. ‘மேடையில் வீற்றிருக்கும்…’ என்று தொடங்கினால் எட்டு நிமிடத்தில் ஒன்றரை நிமிடம் அதிலேயே போய்விடும். ‘விளிப்பு கிடையாது, முதல் வாக்கியமே வாதமாக இருக்கட்டும்’ என்று அழைப்புக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். மேடையில் வைத்துச் சொன்னால் வருத்தப்படுவார்கள், கடிதத்தில் இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள்.

நேரக்காப்பாளர் முதல் வரிசையில், பேச்சாளர் கண்ணில் படும் இடத்தில் உட்கார வேண்டும். ஒரு நிமிடம் இருக்கும்போது மஞ்சள் அட்டை, முடிந்ததும் சிவப்பு அட்டையோடு மணி. அதற்குப் பிறகு 15 நொடி, பின் மிக்ஸரில் மைக்கை இறக்கிவிட வேண்டும். இந்த 15 நொடி விதியை நான்கு பேரிடமும் முன்பே எழுத்தில் சம்மதம் வாங்கியிருந்தால்தான் மைக் ஆபரேட்டர் துணிந்து கை வைப்பார். இல்லையென்றால் ‘சார் பெரியவர், எப்படி நிறுத்துவது’ என்று உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

---

உறுப்பு163:

‘ஆளுநர் பதவி தேவையா?’ என்பது பட்டிமன்றத் தலைப்பேதான். தேவை என்பவர் பாதுகாப்பு, ஒருமைப்பாடு என்பார். தேவையில்லை என்பவர் ஆட்டுக்குத் தாடி எதற்கு என்ற அண்ணாவின் கேள்வியை எடுப்பார். இரண்டு பக்கமும் கைதட்டல் வாங்கும். யாரும் எதையும் புதிதாகத் தெரிந்துகொள்ள மாட்டார்கள்.

விவாதத் தீர்மானம் என்றால் அதில் ஒரு மாற்றம் சொல்லப்பட வேண்டும், யார் எதைச் செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருக்க வேண்டும். உதாரணமாக இப்படி: ‘மாநிலச் சட்டமன்றம் தேர்ந்தெடுத்துத் தரும் நால்வர் பட்டியலிலிருந்தே குடியரசுத் தலைவர் ஆளுநரை நியமிக்க வேண்டும்.’

இது கற்பனை யோசனை அல்ல. 1948 வரைவு அரசமைப்பின் 131-ஆம் உறுப்பில் இரண்டு மாற்று வழிகள் இருந்தன. ஒன்று, மாநில வாக்காளர்கள் நேரடியாக ஆளுநரைத் தேர்ந்தெடுப்பது. மற்றது, சட்டமன்றம் தரும் நால்வர் பட்டியலிலிருந்து குடியரசுத் தலைவர் நியமிப்பது. 1949 மே கடைசியில் அரசமைப்பு நிர்ணய சபை இரண்டையும் விட்டுவிட்டு, இன்றைய 155-ஆம் உறுப்பில் இருக்கும் நேரடி நியமனத்துக்கு வந்தது. மக்கள் வாக்கு வாங்கிய ஆளுநரும் மக்கள் வாக்கு வாங்கிய முதலமைச்சரும் மோதிக்கொள்வார்கள் என்பது அன்று நேரடித் தேர்தலுக்கு எதிராக வைத்த முக்கியமான வாதம். அந்த வாதம் நால்வர் பட்டியலுக்கும் பொருந்துமா? அங்கேதான் உங்கள் விவாதம் தொடங்க வேண்டும். இரண்டு பக்கமும் நேர்மையாகப் பேசச் சரக்கு இருக்கிறது.

தீர்மானம் முடிவானதும் இரண்டு பக்க அளவில் ஒரு பொதுத் தகவல் தாள் தயாரியுங்கள். இரு தரப்பும் மறுக்காத விஷயங்கள் மட்டும் அதில் இருக்க வேண்டும்: ஆளுநரின் நியமனம், பதவிக்காலம், அமைச்சரவையின் ஆலோசனை, மசோதா ஒப்புதல் பற்றிய 153 முதல் 156 வரை, 163, 200, 201 ஆகிய உறுப்புகள் என்ன சொல்கின்றன, மத்திய-மாநில உறவை ஆராய 1969-இல் தி.மு.க. அரசு அமைத்த ராஜமன்னார் குழு 1971-இல் தந்த அறிக்கை. அதே பொருளில் மத்திய அரசு 1983-இல் அமைத்து 1988-இல் அறிக்கை தந்த சர்க்காரியா ஆணையம், நியமனத்துக்கு முன் முதலமைச்சரைக் கலந்தாலோசிக்கச் சொன்னது. அதே பொருளில் 2010-இல் வந்த பூஞ்சி ஆணைய அறிக்கை. பல்கலைக்கழகத்தில் நடப்பதால் ஒரு கொசுறு: ராஜமன்னார் குழுவின் மூவரில் ஒருவர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார், சென்னைப் பல்கலைக்கழகத்தில் 27 ஆண்டு துணைவேந்தராக இருந்தவர்.

மேடையில் எங்கே சறுக்குவார்கள் என்றும் சொல்கிறேன். தமிழ்நாடு அரசு தொடுத்த வழக்கில் 2025 ஏப்ரல் 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு தந்த தீர்ப்பை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். ஆளுநர் ஒப்புதல் தராதிருந்த 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ளப்படும் என்றதும், ஆளுநருக்குக் காலவரம்பு விதித்ததும் அதில்தான். ஆனால் குடியரசுத் தலைவர் 143-ஆம் உறுப்பின்படி கருத்துக் கேட்க, ஐந்து நீதிபதிகள் அமர்வு 2025 நவம்பர் 20-இல், நீதிமன்றம் அப்படிக் காலவரம்பு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ளும் முறையும் செல்லாது என்று கருத்துரைத்தது. அதே சமயம் ஆளுநர் முடிவெடுக்காமல் காலவரையின்றி வைத்திருக்கவும் முடியாது என்றது. ஏப்ரலை மட்டும் சொல்பவரும் நவம்பரில் பாதியை மட்டும் சொல்பவரும் கட்டாயம் வருவார்கள். இரண்டு தேதியும் தகவல் தாளில் இருந்தால், நெறியாளர் ஒரே வரியில் திருத்திவிட்டுப் போகலாம்.

---

கடைசிபெஞ்ச்:

எல்லாம் சரி. மாநிலப் பல்கலைக்கழகம் என்கிறார், அங்கே வேந்தரே ஆளுநராகத்தானே இருப்பார்? ஹால் அனுமதிக் கடிதம் ரெஜிஸ்ட்ரார் மேசைக்குப் போனால் ‘தலைப்பை மாற்றுங்கள்’ என்று திரும்பி வரும், இல்லை திரும்பியே வராது. நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்பு ‘தவிர்க்க முடியாத காரணங்களால்’ என்று ஒரு நோட்டீஸ் ஒட்டினால் இவர் உழைப்பு எல்லாம் வீண். பேசாமல் உள்ளாட்சி நிதி, விகிதாச்சாரத் தேர்தல் முறை என்று வேறு பக்கம் போவதுதான் புத்திசாலித்தனம்.

---

உறுப்பு163:

ஆபத்து இருப்பது உண்மை. அதனால்தான் ‘தேவையா?’ வேண்டாம் என்கிறேன். நடப்பு ஆளுநரைப் பற்றியது என்று அதை எளிதில் வாசித்துவிடலாம். நால்வர் பட்டியல் 1948 வரைவில் இருந்த வாசகம். முதுகலைப் பாடத்திட்டத்தில் அரசமைப்பு உருவான வரலாற்றின் பகுதி. அனுமதிக் கடிதத்தில் ‘இத்தாளின் இந்த அலகையொட்டி’ என்று பாடக்குறியீட்டையும் சேர்த்து எழுதுங்கள். ‘பதவியில் இருப்பவர், இருந்தவர் பெயர் எதுவும் மேடையில் சொல்லப்படாது’ என்ற விதியை இணைப்பாக வையுங்கள். அந்த விதி அனுமதிக்காக மட்டும் இல்லை. பெயர் வந்தவுடன் விவாதம் நின்று வசை தொடங்கிவிடும்.

ஹெச்ஓடி கையெழுத்தோடு 30 நாள் முன்பே கடிதம் போகட்டும். 15 நாளில் பதில் வராவிட்டால் விகிதாச்சாரத் தேர்தல் முறைக்கு மாறிக்கொள்ளுங்கள். அந்த மாற்றுத் தலைப்புக்கும் தகவல் தாள் தயாராக இருக்கட்டும். தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டு நடத்தை விதி அமலில் இருக்கும் வாரங்களில் மட்டும் எந்தத் தலைப்பையும் தொடாதீர்கள்.

---

வேறுதுறைக்காரர்:

பேச்சாளர் பற்றி யாரும் சொல்லவில்லை. துறைக்குள் ஆள் எடுக்கும்போது கவனிக்க வேண்டியது உறவுமுறைதான்.

ஹெச்ஓடியை ஒரு பக்கம் உட்கார வைத்தால், எதிர்ப்பக்கத்தில் பேசும் பிஎச்டி ஸ்காலர் கையைக் கட்டிக்கொண்டுதான் பேசுவார். ஆய்வு நெறியாளரும் அவருடைய மாணவரும் எதிரெதிராக உட்காரவே கூடாது. வைவா (வாய்மொழித் தேர்வு) இன்னும் முடியாத ஸ்காலர் யாரை மறுத்துப் பேசுவார்? சொந்தத் துறை ஆசிரியர்கள் தகவல் தாள் தயாரிக்கட்டும், பேச்சாளரைத் தயார்படுத்தட்டும், மேடை ஏற வேண்டாம்.

பக்கத்துக்கு ஒரு அனுபவசாலி, ஒரு மாணவர் என்று பிரியுங்கள். அனுபவசாலி என்றால் அரசமைப்பு வழக்கு நடத்தும் வழக்கறிஞர் ஒருவர். தலைமைச் செயலகத்தில் கோப்பு எப்படி ஆளுநர் மாளிகைக்குப் போய் வருகிறது என்று தெரிந்த ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர். இவர்கள் இருவரும் எதிரெதிர்ப் பக்கம் இருந்தால் சட்டம் ஒரு பக்கம், நடைமுறை ஒரு பக்கம் என்று நன்றாக உரசும். மாணவர்களில் ஒருவர் வேறு துறையாக இருக்கட்டும், சட்டம் அல்லது வரலாறு. நான்கு பேரும் ஆண்களாக இருந்தால் பட்டியலைத் திரும்ப எழுதுங்கள். கட்சிச் செய்தித் தொடர்பாளர் வேண்டாம். ஒருவரை அழைத்தால் சமநிலைக்காக நான்கு கட்சியை அழைக்க வேண்டிவரும், ஒவ்வொருவரோடும் இருபது பேர் வருவார்கள்.

நெறியாளராகப் பொருளியல் துறையிலிருந்தோ சமூகவியலிலிருந்தோ நடுவயது ஆசிரியர் ஒருவரைப் பிடியுங்கள். மிக மூத்தவர் வேண்டாம், அவரே முடிவுரை வழங்கத் தொடங்கிவிடுவார். அழைப்பிதழில் ‘நடுவர்’ என்று அச்சடிக்காதீர்கள். அடித்தால் தீர்ப்பு எங்கே என்று கூட்டம் கேட்கும்.

நிகழ்ச்சிக்கு ஐந்து நாள் முன்பு ஒவ்வொருவரிடமும் மூன்று முக்கிய வாதங்களை, வாதத்துக்கு இரண்டு வரியில், எழுதி வாங்கி எதிர்த்தரப்புக்கு அனுப்பிவிடுங்கள். ‘ரகசியம் போய்விடுமே’ என்பார்கள். போகட்டும். எதிர்த்தரப்பின் வாதம் தெரியாமல் வந்தால் இரண்டு பேரும் தனித்தனியாகச் சொற்பொழிவு ஆற்றிவிட்டுப் போவார்கள். தெரிந்து வந்தால்தான் அந்த 4 நிமிடக் குறுக்குக்கேள்வியில் கேட்க ஏதாவது இருக்கும்.

---

சீட்டுக்கட்டு:

பொதுமக்கள் கேள்வி நேரத்துக்கு 36 நிமிடம் என்றார் மேசைமணி சார். கேள்விக்கு 30 நொடி, பதிலுக்குப் பக்கத்துக்கு ஒரு நிமிடம், இடையில் மைக் நகர 30 நொடி. ஒரு கேள்விக்கு 3 நிமிடம், மொத்தம் 12 கேள்வி. இதற்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

கையை உயர்த்தச் சொல்லாதீர்கள், எழுதி வாங்குங்கள். 40 ஏ4 தாளை நான்காக வெட்டினால் 160 சீட்டு. வாசலில் ஆளுக்கு ஒன்று, கூடவே பென்சில். சீட்டில் மூன்று கோடு மட்டும் இருக்கட்டும். பெரிய இடம் கொடுத்தால் கட்டுரை எழுதிவிடுவார்கள். பேச்சாளர்கள் பேசி முடிப்பதற்குள் தன்னார்வலர்கள் சீட்டுகளை வாங்கி வர வேண்டும்.

பிரிப்பது மூன்று பேர் வேலை, பக்கவாட்டு மேசையில். ஒரே கேள்வி ஐந்து சீட்டில் இருந்தால் சேர்த்துக் கட்டி ஒன்றாக்குங்கள். கேள்வியே இல்லாத கருத்து, பெயர் குறிப்பிட்டது, பேச்சாளரின் சாதி, ஊர் பற்றியது ஆகியவை தனி. மிச்சத்தில் ஆதரவுத் தரப்புக்கு 6, எதிர்த்தரப்புக்கு 6. எழுதியவரையே எழுப்பிக் கேட்க வையுங்கள். நெறியாளர் வாசித்தால் உயிர் போய்விடும். தவிர, கேட்டவர் ‘நான் கேட்டது அதில்லை’ என்பார்.

முதல் கேள்வி ஒரு மாணவியுடையதாக இருக்கும்படி அடுக்குங்கள். பல்கலைக்கழகக் கருத்தரங்குகளைப் பற்றி 10 நாடுகளில் நடந்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், முதல் கேள்வியை ஆண் கேட்டால் அடுத்தடுத்துப் பெண்கள் கேட்பது குறைவதாகக் கண்டார்கள். சீட்டு முறையில் இதைச் சரிசெய்வது எளிது.

கார்ட்லெஸ் மைக் இரண்டு, இடது நடையில் ஒன்று, வலது நடையில் ஒன்று. மைக்கைக் கேட்பவர் கையில் கொடுக்கவே கூடாது. தன்னார்வலர் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். கையில் வாங்கியவரிடமிருந்து திரும்பப் பிடுங்குவது கூட்டத்தின் முன் அவமதிப்பாகிவிடும், அதை அவரும் அறிவார். பேட்டரியை 2.45-க்குப் புதிதாக மாற்றுங்கள், ‘நேற்று போட்டதுதான்’ என்பதை நம்ப வேண்டாம். ஸ்பீக்கர் பெட்டி மேசை மைக்குக்குப் பின்னால் இருந்தால் ஊளையிடும். மேடை விளிம்புக்கு முன்னே, கூட்டத்தைப் பார்த்து வையுங்கள்.

கோஷம் வந்தால் என்ன செய்வது? டெல்லியின் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் (ஜேஎன்யு) மாணவர் தேர்தலுக்கு முன் நடக்கும் தலைவர் வேட்பாளர் விவாதத்தைப் பாருங்கள். நடத்துவது மாணவர்களே அமைக்கும் தேர்தல் குழு. தப்பு மேளமும் கோஷமும் அதன் ஒரு பகுதி, நள்ளிரவு தாண்டியும் இழுக்கும், யாரும் கவலைப்படுவதில்லை. உங்களுக்குப் பேருந்து 5.15-க்கு. ஆகவே கோஷம் எழுந்தால் நெறியாளர் குரலை உயர்த்தாமல் டைமரை நிறுத்திவிட வேண்டும். ‘இந்த நேரம் கேள்வி நேரத்திலிருந்து போகிறது’ என்று ஒருமுறை சொன்னால் போதும், கேள்விச் சீட்டு கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் பக்கத்து வரிசைக்காரர்களே அடக்குவார்கள்.

---

எம்ஏ_இரண்டாமாண்டு:

எல்லோருக்கும் நன்றி. ‘கொசுறு’ உட்பட எல்லாம் குறித்துக்கொண்டேன். வாக்கெடுப்பு பற்றி ஒரு சந்தேகம். முன்னும் பின்னும் கை தூக்கச் சொன்னால் போதாதா? எந்தப் பக்கம் வென்றது என்று மேடையிலேயே சொல்லிவிடலாமே?

---

மேசைமணி:

கை தூக்கினால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியர் எதைத் தூக்கினார் என்று பார்த்துத் தூக்குவார்கள். சீட்டுதான் சரி.

எண்ணிட்ட ஜோடிச் சீட்டு வேண்டும். மஞ்சள் 150, வெள்ளை 150, இரண்டிலும் 1 முதல் 150 வரை. ஏ4-ஐ எட்டாக வெட்டினால் நிறத்துக்கு 19 தாள். வரும்போது ஒருவருக்கு ஒரே எண்ணில் இரண்டு நிறம். பெயர் வேண்டாம். மஞ்சளைத் தொடக்கத்தில் வாங்கிவிடுங்கள், வெள்ளையை முடிவில். மூன்று கட்டம்: ஆதரவு, எதிர்ப்பு, முடிவெடுக்கவில்லை.

ஜோடி எண் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. 100 ஜோடி வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். முன்பு ஆதரவு 45, எதிர்ப்பு 25, முடிவெடுக்காதோர் 30. பின்பு 46, 40, 14. மொத்தத்தை மட்டும் பார்த்தால் ஆதரவு ஒன்று கூடியது, முடிவெடுக்காதவர்கள் எதிர்ப்புக்குப் போனார்கள் என்றுதான் படிப்பீர்கள். எண்ணை வைத்துப் பொருத்தினால் வேறு கதை வரலாம். பழைய 45-இல் 35 பேர்தான் நின்றார்கள், 8 பேர் எதிர்ப்புக்கு, 2 பேர் முடிவின்மைக்கு. எதிர்ப்பின் 25-இல் 22 நின்று, 3 பேர் ஆதரவுக்கு. முடிவெடுக்காத 30-இல் 8 ஆதரவு, 10 எதிர்ப்பு, 12 அப்படியே. ஆக, 31 பேர் இடம் மாறியிருக்கிறார்கள். உங்கள் துறைக்கு ஆய்வுப்பொருள் இதுதான்.

தாமதமாக வந்தவரின் வெள்ளைச் சீட்டும் பேருந்துக்கு ஓடியவரின் மஞ்சள் சீட்டும் கணக்கில் சேராது. ஜோடியாக இருப்பதை மட்டும் எண்ணுங்கள், எத்தனை கழிந்தது என்பதையும் எழுதுங்கள்.

---

கடைசிபெஞ்ச்:

வாக்கெடுப்பே வேண்டாம் என்பேன். தங்கள் ஆட்களைக் கூட்டி வந்து, முதல் சீட்டில் வேண்டுமென்றே ‘முடிவெடுக்கவில்லை’ போட வைத்து, இரண்டாவதில் தங்கள் பக்கம் போட வைப்பது பழைய தந்திரம். தெரியாத ஊரா?

---

மேசைமணி:

நடக்கும்தான். அதனால்தான் மேடையில் முடிவு அறிவிக்க வேண்டாம் என்கிறேன். வெற்றி என்று ஒன்று அறிவிக்கப்படாவிட்டால் ஆள் கூட்டி வருவதில் யாருக்கும் லாபமில்லை. எண்களை எக்செலில் ஏற்றி மறுநாள் துறை அறிவிப்புப் பலகையில், முன்பு மூன்று நிலை, பின்பு மூன்று நிலை என்று மூன்றுக்கு மூன்று கட்டமாகவே ஒட்டுங்கள். இரண்டு பேர் உட்கார்ந்தால் மாலையிலேயே முடிகிற வேலை: ஒருவர் எண்ணை வாசிக்க, ஒருவர் ஏற்ற. சந்தேகம் இருந்தால் முன்வரிசையும் பின்வரிசையும் தனித்தனியாக எண்ணிப் பாருங்கள், கூட்டமாக வந்தவர்கள் கூட்டமாகத்தான் உட்கார்ந்திருப்பார்கள். அதற்கு வசதியாக முன்பாதிக்கு 1 முதல் 75, பின்பாதிக்கு 76 முதல் 150 என்று இரண்டு வாசல் வைத்துச் சீட்டைக் கொடுங்கள். ஒரே வாசல்தான் என்றால் எண் கொடுப்பவர் கையில் இருக்கை வரைபடம் ஒன்று இருக்கட்டும்.